நாடகப் போஸ்டருக்கு ஃபிரேம் போட்டு மூன்று மழைக்காலம்

வத்தலக்குண்டில் இருக்கும் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். அவன் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் நாலு போஸ்டர் கிடைத்ததாம். "மாப்ள, நீதான் ஆறு ஃபிரேம் மாட்டி வச்சிருக்கியே, கண்ணாடி போடலாமா அக்ரிலிக் போடலாமா, அதை மட்டும் சொல்லு" என்றான். அதை மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஹார்டுபோர்டைத் திட்டினேன். "சரி மாப்ள, சோறு ஆறுது" என்று வைத்துவிட்டான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை பெரியப்பா கொடுத்தவை. மதுரையில் ஒரு அச்சகத்தில் அச்சுக்கோத்தவர் அவர். எண்பதுகளில் அடித்த போஸ்டர்களில் ஒவ்வொரு பிரதி எடுத்து வைத்திருந்தார். ஆறில் ஐந்து வள்ளி திருமணம். இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகம். ஸ்பெஷல் நாடகம் என்றால் நடிகர்கள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றைக்கு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். அதனால் போஸ்டரில் பேருக்கு முன்னால் ஊர் கட்டாயம் இருக்கும். யார் படம் பெரிது, யார் படம் ஓரத்தில் என்பதில் சண்டையே வருமாம். பெரியப்பா அதையெல்லாம் கதை கதையாகச் சொல்வார்.

எல்லாம் டபுள் கிரௌன் என்கிற தாள் அளவு, 20க்கு 30 அங்குலம். மலிவான கலர் தாள். ஒரு வாரம் சுவரில் இருந்தால் போதும் என்று அடித்தது. அதை நான் கொடைக்கானலில், 2,100 மீட்டர் உயரத்தில், வருஷக் கணக்கில் காப்பாற்றப் பார்க்கிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

கீழே ஒரு கடையில் சிந்தெடிக் சட்டம், 2 மி.மீ. கண்ணாடி, பின்னால் ஹார்டுபோர்டு என்று ஒன்று 850 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தார்கள். மவுண்ட், அதாவது தாள் கண்ணாடியில் படாமல் நடுவே வைக்கும் அட்டை, வைத்தால் 1,350 என்றார்கள். நான் 'எதுக்கு வெட்டிச் செலவு' என்றேன். அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பஸ்ஸில் ஏற்றி வந்ததில் மலைப்பாதையில் டம்டம் பாறை தாண்டி ஒரு வளைவில் ஒரு கண்ணாடி போனது. அது பெரிய விஷயமில்லை.

முதல் கார்த்திகையில் போஸ்டர்கள் நமுத்த அப்பளம் மாதிரி நெளிய ஆரம்பித்தன. காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஈரக்காற்றில் தாள் விரியும். கடைக்காரர் நாலு பக்கமும் செல்லோடேப் ஒட்டி இறுக்கியிருந்தார். விரிய இடமில்லாத தாள் வேறென்ன செய்யும்? எல்லாரும் முன்னால் இருக்கும் கண்ணாடியையே யோசிக்கிறோம். மூட்டம் உள்ளே வருவது பின்பக்கமாக. ஹார்டுபோர்டு என்பது அழுத்திய மரத்தூள், மரநார். ஓதம் ஏறிய சுவரில் அதைச் சாய்த்து வைத்தால் பஞ்சு மாதிரி குடிக்கும். குடித்ததைத் தாளுக்குக் கொடுக்கும், கூடவே தன் அமிலத்தையும். நான் மாட்டியிருந்ததோ மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரில்.

தை மாதம் வெயில் வந்ததும் கழற்றிப் பார்த்தேன். டேப் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு. வேலன், வேடன், விருத்தன் என்று மூன்று வேஷம் கட்டும் ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயகனுக்கு, முகமெல்லாம் பூசணப் புள்ளி. நாலாவதாக அம்மை போட்ட வேஷம். இன்னொன்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்ததில் பாதி டான்ஸ்காரம்மா கண்ணாடியிலேயே தங்கிவிட்டார்.

பூசணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், இன்னும் உள்ளே இறங்கும். நிழலில் நன்றாக உலரவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். கறை போகவில்லை. பரவுவது நின்றது.

அப்புறம் செய்த மாற்றங்களுக்கு மொத்தம் 2,000 ரூபாய்கூட ஆகவில்லை. ஹார்டுபோர்டுகள் ஆறையும் தூக்கி விறகோடு போட்டேன், நன்றாக எரிந்தது. அந்த இடத்தில் விளம்பரப் பலகைக்கு வைக்கும் நெளி பிளாஸ்டிக் ஷீட். அது தண்ணீர் குடிக்காது, அமிலமும் விடாது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே நாலு ஓரத்திலும் மவுண்ட் அட்டைப் பட்டை. தாளை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டே இடத்தில், விரல் நக அளவுத் தாள் துண்டில் மைதா பசை தடவித் தொங்கவிட்டேன். கீழே சும்மா விட்டாச்சு, விரிந்தால் விரியட்டும். பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடச் சொன்னார்கள். போடவில்லை. செம்புச் சத்து தாளை மெல்ல மெல்ல நொறுக்கிவிடும்.

ஃபிரேமின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் பழைய ஹவாய் செருப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு விரல் சந்து, காற்று போய் வர. பார்க்க யாருக்கும் தெரியாது. மாட்டிய இடத்தையும் வீட்டு நடுச்சுவருக்கு மாற்றினேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். ஐப்பசியில் ஒரே வாரத்தில் ஈரம் குடித்து அதன் நீலம் ரோஸாகிவிடும். வாராவாரம் அதை வறுத்துக்கொண்டிருக்க முடியாது.

நண்பன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்த அளவில் கண்ணாடி கிட்டத்தட்ட 2 கிலோ, அக்ரிலிக் அதில் பாதிகூட இல்லை. வளைவுகளில் உடையாது, கண்ணாடி அளவுக்குச் சில்லென்று ஆகாததால் உள்பக்கம் வியர்ப்பதும் குறைவு. கீறல் விழும், தூசியை இழுக்கும். மலைக்கு அக்ரிலிக்தான். ஆனால் இரண்டில் எதைப் போட்டாலும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதே. மேலே ஏற ஏற வெயிலில் புற ஊதாக் கதிர் கூடுதல். என் ரோஸ் தாள் ஒன்று இரண்டே வருஷத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது.

ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பட்டை வைத்துத் தாளைக் கண்ணாடியிலிருந்து விலக்கிய பிறகு, தை மாதக் காலையில் பக்கவாட்டு வெளிச்சம் படும்போது எழுத்தின் விளிம்பெல்லாம் தாளில் அழுந்தியிருப்பது தெரிகிறது. ஈய எழுத்தும் மர எழுத்தும் அமுக்கிய தடம். கையில் வைத்திருந்தபோதுகூட நான் கவனித்ததில்லை. ஒரு பேரில் 'ழ' மட்டும் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. பெரியப்பா அதைப் பார்த்து, "அவசரத்துல பூட்டினது" என்று அரைமணி நேரம் அங்கேயே நின்றார். கோத்த எழுத்தைச் சட்டத்தில் இறுக்குவதுதான் பூட்டுவது. 850 ரூபாய்க்கு அது ஒன்றே போதும்.

ஆனால் இதை எழுதும் இன்று கார்த்திகை மழை. வெளியே பத்தடி தெரியவில்லை. மூன்றாவது ஃபிரேமின் இடது மூலையில் இலேசாக ஒரு நெளிவு பார்த்தேன். பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மலையில் ஃபிரேம் போட்டதற்கு என் மார்க் ஐந்துக்கு இரண்டு. மலையில் வீடு இருந்தால் ஃபிரேம் போடாதீர்கள், தட்டையாக டிரங்குப் பெட்டியில் வைத்து, வருஷம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நண்பனுக்கும் இதையே எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வரி: ஞாயிற்றுக்கிழமை மேலே வரும்போது 2 மி.மீ. அக்ரிலிக் ஆறு வெட்டி வாங்கி வா. 20க்கு 30 இல்லை, ஓரம் விட்டு 22க்கு 32. பெரியப்பாவிடம் இன்னும் ஒரு கட்டு இருக்கிறதாம்.