முன்பக்க சஸ்பென்ஷன் சத்தம்: தூக்கிப் பார்ப்பதா, தரையில் வைத்தே பார்ப்பதா?
ரிப்பேர் வேலை முடிந்து வந்த வண்டியில் புதிதாக 'டக் டக்' என்று கேட்டால் பலரும் உடனே ஜாக்கியைத்தான் எடுக்கிறார்கள். அது தவறில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் (சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு), வீல் பேரிங் ஆட்டம் தெரியும், பக்கவாட்டில் ஆட்டினால் டை ராட் (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) ஆட்டம் தெரியும். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் வையுங்கள்.

என் ஓட்டு தரைக்குத்தான். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியிருக்கும்போதுதான் பல சத்தங்கள் வரும். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கில் லேசாக விரல் வையுங்கள், சுருள் திடீரென்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங்கை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனையில் சுழல விடும் பேரிங்) சந்தேகிக்கலாம். ஸ்டெபிலைசர் லிங்க்கில் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) கை வைத்து வண்டியை இடவலமாக ஆட்டினால் அதன் தட்டலும் விரலில் தெரியும்.

அப்புறம், ரிப்பேருக்குப் பின் அடிக்கடி நடப்பது இது: கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரப் பகுதியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ் எனும் ரப்பர் உறைகளின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிடுவார்கள். வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு முனகும், சீக்கிரம் கிழியவும் செய்யும். அவற்றைத் தளர்த்தி, எடை இறங்கிய நிலையில் குறிப்பிட்ட டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவு) இறுக்குங்கள், புதுப் பாகம் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.