சிங்கப்பூர் மெரினா பே மாலைச் சுற்றுலா: நடையா, மேல்தளம் திறந்த பேருந்தா?

எங்கள் ஓட்டு நடைக்குத்தான். காரணம் நேரக்கணக்கு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கே பொழுது சாய்கிறது. 6.45க்கு மெர்லயன் சிலையருகே தொடங்கினால், வானம் கருநீலமாக இருக்கும்போதே 280 மீட்டர் நீள ஹீலிக்ஸ் பாலத்துக்கு வந்துவிடலாம். எட்டு மணிக்கு மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் 15 நிமிட நீரொளிக் காட்சி. பிறகு கார்டன்ஸ் பை தி பே பூங்கா, 8.45க்கு அங்குள்ள சூப்பர்ட்ரீ என்னும் மர வடிவச் செயற்கைக் கோபுரங்களின் விளக்குகள் இசையோடு மின்னும். இரண்டுக்கும் கட்டணமில்லை. மரத்தடியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். 25 முதல் 50 மீட்டர் உயரம் அப்போதுதான் புரியும்.

பேருந்தில் கால் வலிக்காது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஆனால் ஓடும் வண்டியில் இரவுப் படங்கள் மங்கிவிடும். நெரிசலில் பத்து நிமிடம் தாமதித்தாலும் 8.45 காட்சி பாதி போய்விடும். அன்றைய கடைசிக் காட்சி அதுதான். பதிவு செய்யுமுன், பூங்காவில் இறக்கிவிடுவார்களா, வெறுமனே கடந்து போவார்களா என்று கேளுங்கள்.

மழை இரண்டையும் கெடுக்கும். இடி மின்னல் என்றால் சூப்பர்ட்ரீ நடைபாலத்தையும் மூடிவிடுவார்கள். குடையைவிட மழைக்கோட்டு நல்லது.