கங்குலி, தோனி, கோலி: வெற்றிக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

இந்திய டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கியவர்களில் அதிக வெற்றி பெற்ற மூவர் விராட் கோலி, மகேந்திர சிங் தோனி, சௌரவ் கங்குலி. கோலிக்கு 68 டெஸ்ட்களில் 40 வெற்றி, தோனிக்கு 60-இல் 27, கங்குலிக்கு 49-இல் 21. இந்த மூன்று எண்களோடு நிறுத்திக்கொண்டால் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் இந்த மொத்தக் கணக்கில் உள்நாட்டு ஆடுகளமும் அயல்நாட்டு ஆடுகளமும், வலுவான எதிரணியும் அப்போதுதான் டெஸ்ட் ஆடத் தொடங்கிய எதிரணியும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் மூவரைப் பற்றியும் நாம் வழக்கமாகச் சொல்லிவரும் சில வாக்கியங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவது, அயல்நாட்டில் வெல்லக் கற்றுக்கொடுத்தவர் கங்குலி என்ற வாக்கியம். அவர் தலைமையில் இந்தியா வெளிநாடுகளில் 28 டெஸ்ட்கள் ஆடி 11-இல் வென்றது. அதற்கு முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சல்தான். ஆனால் அந்த 11-இல் 6 வெற்றிகள் வங்கதேசத்திலும் ஜிம்பாப்வேயிலும் கிடைத்தவை. எஞ்சியவை கண்டி, போர்ட் ஆஃப் ஸ்பெயின், லீட்ஸ், அடிலெய்ட், ராவல்பிண்டி என்ற ஐந்து. தோனியின் கணக்கு இதைவிட மெலிந்தது: வெளிநாட்டில் 30 டெஸ்ட்கள், 6 வெற்றிகள், 15 தோல்விகள். 2011-இல் இங்கிலாந்தில் நான்குக்கு நான்கும் தோற்று, அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியாவிலும் நான்குக்கு நான்கு தோற்ற அணி அது (கடைசி அடிலெய்ட் டெஸ்டில் மட்டும் சேவாக் தலைமை). கோலியின் 36 வெளிநாட்டு டெஸ்ட்களில் 16 வெற்றிகள். அவற்றில் ஐந்து இலங்கையில், நான்கு மேற்கிந்தியத் தீவுகளில்.

இப்போது இந்திய அணிக்கு எப்போதும் கடினமாக இருந்துவந்த ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளை மட்டும் தனியே எடுத்துக்கொள்வோம். கங்குலிக்கு அங்கே 2 வெற்றிகள், தோனிக்கு 3, கோலிக்கு 7. வெளிநாட்டில் மோசமான கேப்டன் என்று பெயரெடுத்த தோனி, ஹாமில்டனிலும் டர்பனிலும் லார்ட்ஸிலும் வென்று, அயல்நாட்டு வெற்றியின் அடையாளமாகக் கருதப்படும் கங்குலியைவிட ஒன்று கூடுதலாகவே பெற்றிருக்கிறார். இதைச் சொன்னால் கங்குலியின் ரசிகர்கள் கோபிக்கக்கூடும். அவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: 2002-இல் இங்கிலாந்திலும் 2003-04-இல் ஆஸ்திரேலியாவிலும் கங்குலி தொடரைச் சமன் செய்து திரும்பினார், அதே ஸ்டீவ் வா தலைமையிலான ஆஸ்திரேலியாவைத்தான் 2001-இல் கொல்கத்தாவில், ஃபாலோ ஆன் பெற்று (முதல் இன்னிங்ஸில் பெரிதும் பின்தங்கியதால் உடனே மீண்டும் ஆட வைக்கப்பட்டு) அதன் பிறகு, லக்ஷ்மணின் 281-ஐயும் திராவிடின் 180-ஐயும் ஹர்பஜனின் பந்துவீச்சையும் கொண்டு அவர் அணி வீழ்த்தி, அவர்களது தொடர்ச்சியான 16 வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எதிரணியின் எடையையும் சேர்த்தால் தராசு மீண்டும் கங்குலி பக்கம் கொஞ்சம் சாய்கிறது. கோலியைத் தாண்டும் அளவுக்கு அல்ல.

கோலி ஏன் தாண்ட முடியாத இடத்தில் இருக்கிறார் என்பதற்குப் பந்துவீச்சே முதல் காரணம். டெஸ்டில் 20 விக்கெட்டுகளை எடுக்காமல் எதிரணியை வெல்ல வழியில்லை. கங்குலியிடம் சுழற்பந்துக்குக் கும்ப்ளேவும் ஹர்பஜனும் இருந்தார்கள். ஆனால் அயல்நாட்டில் ஒரு நாள் முழுக்க வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் நான்கு பேர் ஒருபோதும் இல்லை. லீட்ஸில் மேகமூட்டமான வானத்தின் கீழ் டாஸ் வென்று முதலில் மட்டை பிடித்து, இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கி, இன்னிங்ஸ் வெற்றி பெற்றது துணிச்சலான முடிவுதான். ஆயினும் கையில் இருந்த சரக்குக்கு ஏற்ற முடிவும் அதுவே என்பதை மறக்கக் கூடாது. தோனிக்கு ஜாகீர் கான் இருந்தவரை ஓரளவு தாங்கியது. 2011-இல் லார்ட்ஸ் டெஸ்டின் முதல் நாளிலேயே அவர் காயத்துடன் வெளியேறியதும் அணி குலைந்தது. கோலிக்கோ பும்ரா, ஷமி, இஷாந்த், உமேஷ், பிறகு சிராஜ் என்று, ஒருவர் ஓய்வெடுத்தாலும் இன்னொருவர் அதே வேகத்தில் வீசக்கூடிய கூட்டம் அமைந்தது.

அப்படியானால் கேப்டனின் பங்கு என்ன என்று கேட்கலாம். அந்தக் கூட்டம் தானாக அமையவில்லை. உடல்தகுதியை அணித் தேர்வுக்கான நிபந்தனையாக்கியதிலும், ஐந்து பந்துவீச்சாளர்களோடு இறங்கி ஒரு மட்டையாளரைக் குறைத்துக்கொள்ளும் அபாயத்தை ஏற்றதிலும் கோலியின் பிடிவாதம் இருக்கிறது. 2018-இல் ஜோகன்னஸ்பர்க்கில் சுழற்பந்து வீச்சாளரே இல்லாமல் ஐந்து வேகப்பந்து வீச்சாளர்களோடு ஆடி 63 ரன்களில் வென்றதை வேறெந்த இந்திய கேப்டனின் பெயரோடும் பொருத்திப் பார்ப்பது கடினம்.

தோனிக்கும் கோலிக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு கடைசி நாட்களை அருகருகே வைத்தால் தெளிவாகக் காணலாம். 2011 ஜூலையில் டொமினிகாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். கடைசி 15 ஓவர்களில் 86 ரன்கள் தேவை, கையில் 7 விக்கெட்டுகள். தொடரில் 1-0 என முன்னிலையில் இருந்த தோனி, டிரா போதும் என்று கைகுலுக்கி முடித்துக்கொண்டார். கோலி டெஸ்டில் அறிமுகமானது அந்தத் தொடரில்தான். 2014 டிசம்பரில் அடிலெய்டில் காயமடைந்த தோனிக்குப் பதிலாக முதன்முறையாக டெஸ்ட் அணிக்குத் தலைமை ஏற்ற கோலியின் முன்னால் கடைசி நாளில் 364 என்ற இலக்கு நின்றது. டிராவுக்கு ஆடுவதே வழக்கம். அவர் துரத்தினார், முதல் இன்னிங்ஸில் 115 அடித்தவர் இரண்டாவதில் 141 அடித்தார், அணி 48 ரன்களில் தோற்றது. தொடரை வென்று வீடு திரும்பியவர் டொமினிகாவில் துரத்தாமல் நிறுத்திக்கொண்ட தோனிதான். ஆனால் 2021-இல் லார்ட்ஸில் கடைசி நாளில் இங்கிலாந்துக்கு 60 ஓவர்களைக் கொடுத்து, 120-க்குள் சுருட்டி 151 ரன்களில் வென்றவரின் மனப்போக்கு அடிலெய்டிலேயே உருவாகிவிட்டது. அந்த லார்ட்ஸ் வெற்றிக்கு அன்று காலை ஷமியும் பும்ராவும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு அடித்த பிரியாத 89 ரன்களும் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோலியிடம் குறை இல்லாமல் இல்லை. அவர் தலைமையின் முதல் 38 டெஸ்ட்களில் ஒருமுறைகூட முந்தைய ஆட்டத்தின் பதினொருவர் அப்படியே தொடரவில்லை. ஆட்டக்காரர்கள் அடுத்த டெஸ்டில் இடம் உண்டா என்று தெரியாமலே மைதானத்தில் நின்ற காலம் அது. சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினின் அனுபவம் இந்த இடத்தில் பொருத்தமானது. தோனி காலத்தில் 2013-இல் ஜோகன்னஸ்பர்க்கில் விக்கெட் இல்லாமல் போனதும் வெளிநாட்டு டெஸ்ட்களில் அவர் இடத்தை இழந்தார். கோலி காலத்தில் உள்நாட்டில் தொடர்ந்து விக்கெட்டுகளைக் குவித்த பிறகும் 2021 இங்கிலாந்துத் தொடரில் நான்கு டெஸ்ட்களிலும் வெளியே உட்கார வைக்கப்பட்டார். சுழற்பந்தைப் புரிந்துகொண்ட கேப்டன் தோனி, புரிந்துகொள்ளாதவர் கோலி என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது.

வெள்ளைப் பந்துக்கு, அதாவது ஒரு நாள், டி20 ஆட்டங்களுக்கு வந்தால் ஒப்பீடு வேறு திசையில் போகிறது. உண்மையில் அங்கே போட்டியே இல்லை. 2007 டி20 உலகக் கோப்பை, 2011 உலகக் கோப்பை, 2013 சாம்பியன்ஸ் டிராபி என மூன்று ஐசிசி கோப்பைகள் தோனியிடம். கங்குலிக்கு 2002-இல் இலங்கையோடு பகிர்ந்துகொண்ட சாம்பியன்ஸ் டிராபி, கோலிக்கு ஒன்றுமில்லை. ஆயினும் கோலியின் 95 ஒரு நாள் ஆட்டங்களில் 65 வெற்றிகள் என்பது தோனியின் 200-இல் 110-ஐவிட விகிதத்தில் உயர்ந்தது. தொடர்ந்து வெல்வது வேறு, இறுதி ஆட்டத்தில் வெல்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

தோனி இறுதிக்கட்டத்தில் என்ன செய்தார் என்பதை நெருங்கிப் பார்க்கலாம். 2007 டி20 உலகக் கோப்பையில், டர்பனில் பாகிஸ்தானுடனான லீக் ஆட்டம் சமனில் முடிந்து, ஸ்டம்பை வீழ்த்தும் பந்துவீச்சுப் போட்டிக்குச் சென்றது. பாகிஸ்தான் கீப்பர் வழக்கம்போல் ஸ்டம்புக்குப் பக்கவாட்டில் நின்றார். தோனியோ ஸ்டம்புக்கு நேர் பின்னால் மண்டியிட்டு அமர்ந்தார்; பந்துவீசியவர்கள் ஸ்டம்பைக் குறிபார்க்கத் தேவையில்லை, கேப்டனின் கையுறையைக் குறிபார்த்தால் போதும். பந்து வீசியவர்களும் வேகப்பந்து நட்சத்திரங்கள் அல்லர்: சேவாக், ஹர்பஜன், உத்தப்பா. மூவரும் ஸ்டம்பை வீழ்த்தினர்.

2013 சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம், பர்மிங்காமில், மழையால் 20 ஓவர்களாகச் சுருங்கியது. 130 என்ற இலக்கைத் துரத்திய இங்கிலாந்துக்கு கடைசி 18 பந்துகளில் 28 ரன்கள் தேவை. மோர்கனும் போபாராவும் நிலைத்து நிற்கிறார்கள். அதுவரை அடிவாங்கிய இஷாந்த் சர்மாவிடம் பந்து போனபோது வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எவரும் தலையில் கை வைத்திருப்பார்கள். ஒரு சிக்சர், இரண்டு வைட். அதன் பிறகு அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் மோர்கனும் போபாராவும் அஸ்வினிடம் கேட்ச் கொடுத்தார்கள். 19-ஆவது ஓவரை ஜடேஜாவுக்கும் 20-ஆவதை அஸ்வினுக்கும் கொடுக்க தோனி முன்கூட்டியே ஓவர்களை மிச்சம் வைத்திருந்தார். சுழலும் அந்த ஆடுகளத்தில் வேகத்தை முதலில் செலவழித்துவிடுவதே கணக்கு. வெற்றி 5 ரன்களில். இதை உள்ளுணர்வு என்பதைவிடக் கணக்கு என்பதே பொருந்தும்.

இதற்கு நேர் எதிரில் கங்குலியும் கோலியும் ஒரே தவறைப் பதினான்கு ஆண்டு இடைவெளியில் செய்திருக்கிறார்கள். 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் டாஸ் வென்ற கங்குலி பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். கும்ப்ளே அணியில் இல்லை. ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359. 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் டாஸ் வென்ற கோலியும் பந்துவீச்சையே தேர்ந்தெடுத்தார். ஃபகர் ஜமான் தொடக்கத்தில் நோ-பாலில் தப்பிச் சதமடிக்க, பாகிஸ்தான் 338. தோல்வி 180 ரன்களில். பெரிய ஆட்டத்தில் இலக்கைத் துரத்தும் சுமையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட முடிவுகள் இவை.

கங்குலி விதைத்ததைத் தோனி அறுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. 2011 இறுதி ஆட்டத்தில் ஆடிய பதினொருவரில் யுவராஜ், ஜாகீர், கம்பீர், தோனி ஆகிய நால்வரும் கங்குலியின் தலைமையில் ஒரு நாள் அணிக்குள் வந்தவர்கள் என்பதால் அதில் பாதி உண்மை இருக்கிறது. சூதாட்டப் புகார்களால் இந்திய கிரிக்கெட்டின் மீதான நம்பிக்கையே ஆட்டம் கண்ட 2000-இல் பொறுப்பேற்றவர், இளையவர்களை அழைத்து வந்து தோல்விக்குப் பிறகும் கைவிடாமல் வைத்திருந்தார். நடுவரிசையில் ஆடிய சேவாக்கை டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரராக மாற்றினார். 2005-இல் விசாகப்பட்டினத்தில் தோனியை மூன்றாவதாக இறக்கிவிட, அவர் 148 அடித்தார். ஆனால் அறுத்தவரும் விதைத்திருக்கிறார் என்பதை அந்தப் பேச்சு விட்டுவிடுகிறது. கோலி, அஸ்வின், ஜடேஜா, ஷமி ஆகியோர் தோனியின் தலைமையில் வந்தவர்கள். 2013-இல் ஒரு நாள் ஆட்டங்களில் ரோஹித்தைத் தொடக்க ஆட்டக்காரராக்கியவரும் அவரே. கோலியின் 40 வெற்றிகளில் கணிசமான பங்கு இந்தப் பெயர்களுடையது.

ஆகவே ஐந்து நாள் ஆட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கோலியைச் சொல்வேன். கடைசி மூன்று ஓவர்களுக்கு என்றால் தோனி. புதிதாக அணியைக் கட்ட வேண்டிய நிலையில் மட்டுமே கங்குலியின் பெயர் முதலில் வரும்; அவரது வெளிநாட்டுப் புகழ் எண்களைவிடச் சற்றுப் பெரிது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

பதவியை விட்ட விதத்திலும் மூவரும் வேறுபடுகிறார்கள். கோலி டி20 தலைமையைத் தாமே விட்டார். 2021 டிசம்பரில் ஒரு நாள் தலைமை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் தொடரைத் தோற்ற மறுநாள் டெஸ்ட் தலைமையையும் துறந்தார். அப்போது இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர் கங்குலி. டி20 தலைமையை விட வேண்டாம் என்று தாம் கேட்டுக்கொண்டதாக அவரும், அப்படி யாரும் கேட்கவில்லை என்று கோலியும் வெளிப்படையாகவே முரண்பட்டார்கள். தோனி 2014-இல் மெல்போர்ன் டெஸ்ட் முடிந்ததும், தொடரில் ஒரு ஆட்டம் பாக்கியிருக்கும்போதே, டெஸ்டிலிருந்து முழுமையாக விலகினார்.

கங்குலியோ 2005-இல் பதவி நீக்கப்பட்டு, அணியிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, ஓராண்டு கழித்து வெறும் மட்டையாளராகத் திரும்பி வந்தவர். 2008 நவம்பரில் நாக்பூரில் அவரது கடைசி டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் முதல் பந்திலேயே ஆட்டமிழந்திருந்தார். ஆஸ்திரேலியா ஒன்பது விக்கெட்டுகளை இழந்து தோல்வியின் விளிம்பில் நின்றபோது, முழுநேர டெஸ்ட் கேப்டனாக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த தோனி, சில ஓவர்களுக்கு அணியை நடத்தச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார். கங்குலி முதலில் தயங்கினார். பிறகு ஃபீல்டர்களைக் கைகாட்டி நகர்த்தத் தொடங்கினார்.