ஹாலிச் செடிகளின் கவாத்தும் அகற்றலும்: ஒரு தோட்டப் பராமரிப்புச் சேவை பற்றிய மதிப்பீடு

அடர்ந்து உயர்ந்துவிட்ட ஹாலிச் செடிகளை (முள் விளிம்பு இலைகளும் சிவப்புப் பழங்களும் கொண்ட, என்றும் பசுமையான holly) கவாத்து செய்யவும், சுவரை ஒட்டி நின்ற ஒன்றை அடியோடு அகற்றவும் ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தை அமர்த்தியிருந்தேன். கவாத்துப் பணிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்; அகற்றும் பணிக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

அழைத்தவுடன் வெட்டித் தள்ளாமல், வெட்டக் கூடாத காலத்தில் வெட்ட மறுத்ததே இவர்களிடம் எனக்கு மதிப்பை ஏற்படுத்தியது. வசந்த காலத்தில் பார்வையிட வந்த மேற்பார்வையாளர், கிளைகளை விலக்கி உள்ளே இருந்த பறவைக் கூட்டைக் காட்டி, குஞ்சுகள் பறந்து போகும்வரை கத்தரி வைக்க இயலாது என்று சொல்லிவிட்டார். உயிர்வேலியாக நிற்கும் வரிசையைக் கோடையின் பிற்பகுதியிலும், ஆழமாக வெட்டிப் புதுப்பிக்க வேண்டிய முதிர்ந்த செடியைக் குளிர்காலத்தின் இறுதியில், தளிர் விடுவதற்கு முன்பும் வெட்டுவதென முடிவாயிற்று. ஐரோப்பிய ஹாலி முந்தைய ஆண்டின் கிளைகளில்தான் பூக்கும் என்பதால், அவ்வாறு ஆழமாக வெட்டிய செடியில் சில ஆண்டுகளுக்குச் சிவப்புப் பழங்களை எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்தார்கள்.

செடிகள் அப்போது பூத்திருந்தது நல்லதாகப் போயிற்று. சிறிய வெண்பூக்களைக் கையில் வைத்து, நான்கு மகரந்தத் தாள்கள் மஞ்சள் தூளுடன் நிமிர்ந்திருப்பது ஆண், நடுவில் பச்சைக் குமிழ் போன்ற சூலகம் திரண்டிருப்பது பெண் என்று மேற்பார்வையாளர் விளக்கினார். ஹாலியில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். பழம் தருவது பெண் செடி மட்டுமே. எனவே அருகிலுள்ள ஒரே ஆண் செடியை அகற்றிவிட்டால் மற்றவையும் பழமின்றிப் போகக்கூடும். சுவரோரச் செடி பெண் என்பது உறுதியான பிறகே அதை எடுக்கச் சம்மதித்தார்கள். (இந்தக் கேள்வியை இதற்கு முன் எந்தத் தோட்டக்காரரும் என்னிடம் எழுப்பியதில்லை.) பொன்னிற விளிம்புள்ள செடியொன்றில் முழுப் பச்சையாக ஓடியிருந்த கிளையை, விட்டுவைத்தால் அதுவே வலுத்துச் செடி முழுவதையும் பச்சையாக்கிவிடும் என்று சொல்லி, அது கிளம்பிய இடத்திலேயே அறுத்தெடுத்தார்கள். வெட்டுவாய்கள் நசுங்காமல் சுத்தமாக இருந்தன.

அகற்றும் பணிக்கு வந்த குழுவோ வேறு. ஒப்பந்தத்தில் 'முழுமையாக அகற்றுதல்' என்று எழுதியிருந்தும், தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, அடிக்கட்டையை மண்ணால் மூடிச் சென்றார்கள். ஹாலியின் அடிக்கட்டை எளிதில் சாகாது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததன்று. அடுத்த பருவத்திலேயே அதைச் சுற்றிலும் தளிர்கள் கிளம்பிவிட்டன. புகார் செய்த பின் வந்து வேரோடு தோண்டி எடுத்தார்களாயினும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. உதிர்ந்த இலைகளையும் பாத்தியிலேயே விட்டிருந்தார்கள். ஹாலியின் கீழ்க்கிளை இலைகள் காய்ந்த பின்னும் நெடுநாள் முள் மழுங்காதவை; களை பறிக்க உட்கார்ந்தால் இன்றும் தடித்த தோல் கையுறை இல்லாமல் முடிவதில்லை.