லிப்ரே ஆபிஸ் கருவிப்பட்டைகள்: ஒரு ரைப்பிங் கடையின் நீண்டகால அனுபவம்

திருகோணமலையில் ரைப்பிங் கடை நடத்துபவர்களுக்குக் கருவிப்பட்டை, அதாவது திரையில் பொத்தான்கள் வரிசையாக இருக்கும் பட்டை, சின்ன விடயமல்ல. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கடிதம், நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசி, பாடசாலைக்குப் பெயர்ப்பட்டியல் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே தாளில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். சில வேளை சிங்களமும் சேரும். நம் கண் வாடிக்கையாளரின் கையெழுத்துப் பிரதியில் இருக்க, கை பொத்தானைத் தேடிப் போகும். நேற்று இருந்த இடத்திலேயே அது இன்றும் இருக்க வேண்டும். கடிதமும் ஆவணமும் அடிக்க உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரைப் பல ஆண்டுகளாக இந்த ஒரு கோலால்தான் அளந்துவருகிறேன்.

ரைட்டரில் சில பட்டைகள் நிலையாக நிற்கும். சில வேலையைப் பார்த்து வந்துபோகும். அட்டவணைக்குள் கர்சரை வைத்தால் அதற்குரிய பட்டை திரையின் அடியில் எழும், வெளியேறினால் மறைந்துவிடும். படமொன்றைத் தெரிவுசெய்தாலோ, எழுத்து வடிவமைப்புப் பட்டை இருந்த அதே வரிசையில் படத்துக்கான பட்டை வந்து அமரும். இந்த இரண்டாவது வழியே எனக்கு உகந்தது, ஏனெனில் பக்கம் தெரியும் பரப்பு குறைவதில்லை. 768 புள்ளி உயரமுள்ள மடிக்கணினித் திரையில் ஒரு வரி இடமும் பெறுமதியானது. அட்டவணைப் பட்டை வேண்டாதவர்கள் அதை மூடிவிடலாம். தேவைப்படும்போது வியூ மெனுவின் டூல்பார்ஸ் பகுதியில் மீண்டும் எடுக்கலாம்.

நான் அதிகம் நம்புவது எழுத்துரு பெயர் காட்டும் பெட்டியை. நம் ஊர்ப் பழைய கோப்புகளில் பெரும்பாலானவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் மென்பொருளுக்கு அவை ஆங்கில எழுத்துக்களே. யுனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறை. அந்த முறையில் அடித்த தமிழுக்கும் சிங்களத்துக்கும் ரைட்டர் தனியாக ஓர் எழுத்துருவை வைத்திருக்கிறது. அதனால் கர்சரை ஆங்கிலச் சொல்லிலிருந்து யுனிகோட் தமிழ்ச் சொல்லுக்கு நகர்த்தினாலே பெட்டியில் பெயர் மாறிவிடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கோளாறு என்று நினைத்துப் பதறுவார்கள். உண்மையில் பெரிய உதவி இதுதான். வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவரும் கோப்பு பாமினியா, யுனிகோடா என்பதை ஒரு சொடுக்கில் அறியலாம். பாமினி என்று காட்டினால் எழுத்துருவை மாற்றவே கூடாது. மாற்றினால் முழுப் பக்கமும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகிவிடும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மைக்ரோசாப்ட் 2007-இல் கொண்டுவந்த ரிப்பன் முறைக்கு (பொத்தான்களைத் தாவல்களாகப் பிரித்துக் காட்டும் முறை) பழகியவர்களுக்கு, லிப்ரே ஆபிஸ் 2019-இல் வந்த 6.2 பதிப்பு முதல் தாவல் வடிவத்தையும் தருகிறது. பார்க்க அழகுதான். ஆனால் நமக்குத் தேவையான பொத்தான் வேறொரு தாவலில் இருந்தால் முதலில் அங்கே போக வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் கடிதம் அடிப்பவருக்குப் பழைய பட்டைகளே மேல்.

செய்யவேண்டிய முதல் வேலை, பட்டையில் வலச்சொடுக்கு செய்து அதன் இடத்தைப் பூட்டுவது. பூட்டாவிட்டால் இடப்புற முனையில் சுட்டி பட்டு இழுபடும்போது பட்டை பக்கத்தின் நடுவே வந்து மிதக்கும். மிதக்கும் பட்டையின் வெற்றிடத்தில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி இருமுறை சொடுக்கினால் அது மீண்டும் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் சிறிதாகி வலப்புறப் பொத்தான்கள் மறைந்தால், பட்டையின் முனையிலுள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள்.

இந்த ஒழுங்குகள் யாவும் பயனர் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன. கணினி மாற்றும்போது அந்தக் கோப்புறையையும் மறக்காமல் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள்.