ஷமரெல் பக்கம் குவாட் பைக் ஓட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மொரீஷியஸுக்கு டூர் வரும் நம் ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். குவாட் பைக் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர பைக்) சவாரி என்று கூட்டிப்போய், திரும்பி வந்து இறங்கியதும் "வண்டியை உடைத்துவிட்டீர்கள்" என்று பணம் பறிக்கிற வேலை இங்கே நடக்கிறது. எல்லாரும் அப்படி இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது மற்ற ரகம்.

தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. அதையொட்டி அக்காவும் மாமாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். நான் ஆபீஸில் இருந்த நேரத்தில், ஃப்ளிக்-அன்-ஃப்ளாக் கடற்கரையில் ஆல்பத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு ஏஜென்ட் மாமாவைப் பிடித்துவிட்டார். காடு, அருவி, ஓடை, இரண்டு மணி நேரம் என்று ஆசை காட்டி, முழுப்பணத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். கார்டு மெஷின் ரிப்பேராம். ஆல்பத்தில் ஒரு படம்: ஷமரெல் ஊரில் இருக்கிற ஏழு வண்ண மண் மேட்டின் மீது குவாட் பைக் கம்பீரமாக நிற்கிறது. அந்த மேட்டைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், மனுஷன் கால் வைக்கவே அனுமதி கிடையாது. அப்படி ஒரு படத்தை யாராவது காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். கையெழுத்துப் போடச் சொன்ன படிவம் முழுக்கப் பிரெஞ்சு. ஆங்கிலத்தில் கேட்டால் "தீர்ந்துவிட்டது" என்றார்கள். முந்தின நாள் ரிப்பேரான கார்டு மெஷின், டெபாசிட் என்று 15,000 மொரீஷியஸ் ரூபாயைப் பிடித்து வைக்க மட்டும் நன்றாக வேலை செய்தது.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது இரண்டே வாக்கியம்: இது ஆக்ஸிலரேட்டர், இது பிரேக். குவாட் பைக்கில் ஆக்ஸிலரேட்டரை வலது கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் பயந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார், கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி இன்னும் சீறும். அதனால்தான் நல்ல இடங்களில் முதலில் சமதளத்தில் நாலு சுற்று ஓட்ட விடுகிறார்கள். இங்கே அதெல்லாம் இல்லை. ஒருவர் உட்காரும் வண்டியில் மாமாவுக்குப் பின்னால் அக்காவையும் ஏற்றிவிட்டார்கள். பின்னால் பாரம் கூடினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். அக்காவின் ஹெல்மெட்டில் பக்கிள் உடைந்திருந்தது, நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார் கைடு.

காடு என்றார்கள், கரும்புத் தோட்டத்துக்குள் விட்டார்கள். இங்கே கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடியும். நாங்கள் போனபோது பல இடங்களில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், நடுவில் சேறு. அது மழைக்காலம் வேறு. அருவி இருக்கும் திசையைக் கைடு கையால் காட்டினார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, திருப்பிவிட்டார். ஒரு மேட்டில் வண்டி சாய்ந்தபோது அக்காவின் கணுக்காலுக்கு மேலே சைலன்சர் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. "தண்ணீர் ஊற்றுங்கள், சரியாகிவிடும்" என்றார்.

இறங்கியதும் ஒருவர் வந்து, மாமாவின் வண்டியில் வலது முன் மட்கார்டைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். 18,000 ரூபாய் கட்டச் சொன்னார். நம் காசில் கணக்குப் போட்டால் முப்பதாயிரத்துக்கு மேல். குனிந்து பார்த்தேன். விரிசலுக்குள் காய்ந்து கறுத்துப்போன பழைய மண், ஓரத்தில் யாரோ எப்போதோ தடவிய பசை மஞ்சளாகக் கட்டி தட்டிக் கிடந்தது. புதிதாக உடைந்த பிளாஸ்டிக் என்றால் விளிம்பு வெளுத்திருக்கும். சொன்னால் கேட்கிற ஆளா?

நல்லவேளை, கிளம்பும் முன் அக்காவையும் மாமாவையும் வண்டியில் உட்காரவைத்து நான் எடுத்த போட்டோவில் விரிசலும் விழுந்திருந்தது, டேங்கில் ஒட்டிய நம்பரும் விழுந்திருந்தது. உடனே குரல் இறங்கியது. "சரி, 5,000 கொடுங்கள்" என்றார், காய்கறி பேரம் மாதிரி. எங்களைக் கூட்டிவந்த டாக்சி அண்ணன் ரோஸ் ஹில் தமிழர். தமிழ் அவ்வளவாக வராது, ஆனால் இந்த ஊர் பேச்சுமொழியான கிரியோலில் வெளுத்து வாங்கிவிட்டார். டூரிசம் அத்தாரிட்டி லைசென்ஸை எடுத்துக் காட்டச் சொன்னதும் அந்த ஆள் உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. டெபாசிட்டை விடுவிக்க பேங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சவாரிக் காசு போனது போனதுதான், ரசீது இருந்தால்தானே கேட்க.

எனவே வண்டியில் ஏறும் முன் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள், அடியில் உள்ள கம்பி, மட்கார்டு, நம்பர் எல்லாம் தெரியட்டும், அவர்கள் ஆளையும் பக்கத்தில் நிற்கவையுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலைப் படிவத்தில் எழுதித் தர மறுத்தால் ஓட்டாதீர்கள். கால் மறைக்கிற ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், டிராவல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். மாமாவின் பாலிசியில் சாகச விளையாட்டு எதற்கும் பணம் கிடையாது என்று போட்டிருக்கிறது, அதில் குவாட் பைக்கும் அடக்கம். அக்கா காலுக்குக் கிளினிக்கில் கட்டியது கைக்காசுதான்.