மூன்று வருசம் ஒரே ஹெட்போன், பழுது எங்கே என்று தேடிய கதை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் வாங்கிய சாதாரண வயர் ஹெட்போன், மூன்று வருசமாகிறது. எங்கள் ஊர் வெயிலுக்குக் காதுப் பஞ்சு உரிந்து ஒருக்கால் மாற்றினேன். பாட்டுக்கு நல்லது, விலைக்குத் தாராளம். ஆனால் வாங்கிய இரண்டாம் கிழமையே இதைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் நான்.

டயானா டாய்ச் என்ற உளவியலாளர் 1973இல் கண்டுபிடித்த ஒரு செவிப்பிரமையைப் போட்டுக் கேட்டதால் வந்த வினை. 400 ஹேர்ட்ஸ், 800 ஹேர்ட்ஸ் என்று ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு ஒலி. வலதில் மேல் ஒலி என்றால் இடதில் கீழ் ஒலி, கால் செக்கனில் மறுவளம், இப்படியே மாறி மாறிப் போகும். எனக்குக் கேட்டதோ வலதில் மேல் ஒலி மட்டும், அடுத்தது இடதில் கீழ் ஒலி மட்டும். இடது ஸ்பீக்கர் மேல் ஒலியை விழுங்குகிறது என்று முடிவு கட்டிக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை, “மறுவளமாப் போட்டுப் பாரும் தம்பி” என்றார். போட்டேன். பழுதென்றால் மேல் ஒலி இடது காதுக்கு வந்திருக்க வேண்டும், அது வலதிலேயே நின்றது. “அப்ப பிழை உம்மட காதிலதான்!”

காதிலும் இல்லை. டாய்ச்சின் விளக்கப்படி மூளை இரண்டு முடிவைத் தனித்தனியே எடுக்கிறது. எந்த ஒலி என்பதற்கு வலது காதின் பேச்சைக் கேட்கிறது, எங்கிருந்து என்பதற்கு மேல் ஒலி விழும் பக்கத்தைப் பார்க்கிறது. அதனால் வலதுக்குள் கீழ் ஒலி போகிற கணத்தில் அதே கீழ் ஒலி இடதில் கேட்கிறது! வலக்கைக்காரரில் பெரும்பாலோருக்கு இப்படித்தான், இடக்கைக்காரரிடம் ஆளுக்காள் மாறும். இடக்கையால் எழுதும் என் தங்கச்சிக்கு மேல் ஒலி இடதில். இதற்காக வீட்டில் ஒரு சண்டையே நடந்தது.

ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் 1964இல் செய்த முடிவில்லாமல் ஏறும் ஒலியும் கேட்டேன், பத்து நிமிசத்தில் தலை சுற்றியது. ஒரு காதில் 200, மற்றதில் 210 ஹேர்ட்ஸ் போட்டால் காற்றில் இல்லாத ஒரு துடிப்பு தலைக்குள் கேட்கும், அது உண்மை. தூக்கம் வரும் என்றார்கள், எனக்கு வரவில்லை.

பருத்தித்துறை பஸ்ஸில் இந்த ஹெட்போனைப் போட்டுப் பேச்சுக் கேட்டால் ஹோர்ன் சத்தம் பாதிச் சொல்லைத் தின்னும், ஆனாலும் எதையும் தவறவிட்டதாகத் தோன்றாது. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சொல்லில் ஓர் ஒலியை வெட்டி இருமலை ஒட்டிப் போட்டுக் காட்டினார். கேட்டவர்களுக்குச் சொல் முழுசாகவே கேட்டது, இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெறும் அமைதியை வைத்தால் மட்டும் உடனே பிடிபட்டுவிடும்.

போன மாதம் வயர் அடியில் லூசாகிச் சத்தம் விட்டு விட்டு அறுகிறது. ஹோர்னை மன்னிக்கிற மூளை இதை மன்னிக்க மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு வெட்டும் குத்துகிறது. இந்த முறை மெய்யான பழுது. அதே அண்ணையிடம்தான் கொண்டு போக வேண்டும், அவர் முதலில் என் காதைத்தான் பார்ப்பார்.